ஓங்கிலின் விடுதலை

மன்னார் வளைகுடாவில் மீன்பிடிக்கச் செல்லும் பரதவர், விடியற்காலையில் தம் படகிற்கு முன்னே கரிய முதுகுகள் சில நீர்மேல் எழுந்து, வில்லென வளைந்து, மீண்டும் நீருள் மறைவதைக் காண்பதுண்டு. அவற்றை அவர்கள் ஓங்கில் என்பர். டால்பின் என்று உலகம் வழங்கும் உயிரே நம் நெய்தல் நில மக்களின் ஓங்கில் ஆகும். படகில் இருப்பவர் அதனை அழைப்பதில்லை. அதுவும் அவர்பொருட்டுத் துள்ளுவதில்லை. விரும்பும்போது வருகிறது, விரும்பும்போது போகிறது. கடலுக்குக் கதவில்லை அன்றோ?

இதே உயிரை வேறோரிடத்தில் காண்போம். நீலவண்ணம் தீட்டிய ஒரு தொட்டி. அதனைச் சுற்றிப் படிப்படியாக இருக்கைகள். இசை முழங்குகிறது. பயிற்றுநர் ஊதலை ஊதுகிறார். ஓங்கில் நீரினின்று எழுந்து வளையத்தினூடே பாய்கிறது. மூக்கின் நுனியால் பந்தை எறிகிறது. வாலை ஊன்றி நீர்மேல் நிற்கிறது. ஒவ்வொரு செயல் முடிந்ததும் அதன் வாயில் ஒரு மீன் விழுகிறது. சீட்டு வாங்கி வந்தவர்கள் கைகொட்டி ஆரவாரம் செய்கின்றனர். தந்தையின் தோள்மேல் அமர்ந்த குழந்தை, "அப்பா, அது சிரிக்கிறது!" என்று கூவுகிறது.

அது சிரிப்புத்தானா? இந்த வினாவை முதலிற் கேட்டவர் மிகச் சிலர். அவர்கள் பொறுமையுடன் திரும்பத் திரும்பக் கேட்டதன் பயனாக, பல நாடுகளில் அத்தகைய தொட்டிகள் வறண்டன. அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஓங்கிலின் இயல்பு

கடலில் வாழ்வதாலும் துடுப்புகள் பெற்றிருப்பதாலும் ஓங்கிலை மீன் என்று கருதுவோர் உளர். அது மீன் அன்று. நம்மைப் போன்ற பாலூட்டி. அதன் குருதி வெம்மையுடையது. அது செவுள்களால் அன்றி, நுரையீரலால் மூச்சுவிடுகிறது. தலையின் உச்சியில் உள்ள துளையே அதன் மூக்கு. காட்சிக்கூடங்களிற் பெரிதும் காணப்படும் புட்டிமூக்கு ஓங்கில் ஏறத்தாழ ஓராண்டு கருவைச் சுமந்து, ஒரு குட்டியை ஈன்று பாலூட்டி வளர்க்கும். குட்டி பல ஆண்டுகள் தாயின் பக்கத்திலேயே நீந்தித் திரியும்.

நாம் உறங்கும்போதும் நம் மூச்சுத் தானே இயங்குகிறது. ஓங்கிலுக்கோ ஒவ்வொரு மூச்சும் அது நினைந்து செய்யும் செயலாகும். முற்றும் உறங்கிவிட்டால் மூச்சு நின்றுவிடும். ஆதலால், அதன் மூளையின் ஒரு பாதி உறங்கும்போது மறுபாதி விழித்திருக்கும். இயற்கையின் இவ்வேற்பாடு வியத்தற்குரியதன்றோ?

ஓங்கில் கண்ணாற் காண்பதினும் மிகுதியாக ஒலியாற் காண்கிறது. அது சொடுக்கொலிகளை எழுப்பும். அவை எதிரே உள்ள பொருளின்மீது பட்டுத் திரும்பும்போது, அப்பொருளின் இடம், தொலைவு, பருமன் ஆகியவற்றை அறிந்துகொள்ளும். கலங்கிய நீரிலும் காரிருளிலும் மீனைத் தேடிப் பிடிப்பது இவ்வாற்றலாலேயே. மேலும், ஒவ்வொரு புட்டிமூக்கு ஓங்கிலுக்கும் தனக்கென ஒரு சீழ்க்கை உண்டு. நமக்குப் பெயர் எப்படியோ, அதற்கு அச்சீழ்க்கை அப்படி. கூட்டத்தினின்று பிரிந்தால் தன் சீழ்க்கையை எழுப்பித் தன் சுற்றத்தைத் தேடும்.

கடலில் அது ஒரு நாளிற் பல பத்துக் கிலோமீட்டர் தொலைவு நீந்த வல்லது. நூறு மீட்டருக்கும் மிகுதியான ஆழத்திற்கு மூழ்க வல்லது. இனி, அதன் சிரிப்பைப் பற்றி ஒரு சொல். ஓங்கிலின் வாய்க்கோடு இயல்பாகவே மேல்நோக்கி வளைந்தது. அது தாடையின் அமைப்பேயன்றி உள்ளத்தின் குறிப்பு அன்று. பசித்த ஓங்கிலும் அவ்வாறே சிரிக்கும். நோயுற்ற ஓங்கிலும் அவ்வாறே சிரிக்கும். இறந்து கிடக்கும் ஓங்கிலின் முகத்திலும் அதே சிரிப்பு இருக்கும்.

தொட்டி வாழ்வு

அமெரிக்க நாட்டுப் புளோரிடா மாநிலத்தில் 1938ஆம் ஆண்டு ‘மரைன் ஸ்டூடியோஸ்’ என்னும் நிலையம் திறக்கப்பட்டது. நீருக்கடியில் திரைப்படம் எடுப்பதற்கென அமைந்த அதன் பெருந்தொட்டியில் ஓங்கில்கள் விடப்பட்டன. அவற்றைக் காண மக்கள் திரண்டு வந்தனர். நாளடைவில் உலகின் பல பகுதிகளிலும் இத்தகைய கடற்பூங்காக்கள் தோன்றின. ஓங்கிலைக் கதைத்தலைவனாகக் கொண்ட ‘பிளிப்பர்’ என்னும் திரைப்படம் 1963இலும், அதே பெயருடைய தொலைக்காட்சித் தொடர் 1964 முதல் 1967 வரையிலும் வெளிவந்தன. அவற்றைக் கண்ட சிறுவர்கள் ஓங்கிலை நேரிற் காண விழைந்தனர். விருப்பம் வாணிகமாயிற்று.

அத்தொட்டியில் ஓங்கில் எவ்வாறு வாழ்கிறது? அமெரிக்க அரசின் விதிப்படி, புட்டிமூக்கு ஓங்கிலை வைக்கும் தொட்டி குறைந்தது 24 அடி அகலமும் 6 அடி ஆழமும் உடையதாயிருத்தல் வேண்டும். எட்டடி நீளமுள்ள ஓர் ஓங்கிலுக்கு அவ்வகலம் தன் உடலைப்போல் மும்மடங்கே ஆகும். ஆழமோ அதன் உடல்நீளத்திற்கும் போதாது. இதனினும் பெரிய தொட்டிகள் பல உள்ளன என்பது மெய்யே. ஆயினும், நூறு மீட்டர் ஆழம் மூழ்கும் உயிருக்கு எந்தத் தொட்டிதான் போதும்?

கடலில் இரை தேடுவதே அதன் கல்வி. அதுவே அதன் விளையாட்டு. தொட்டியில் அதற்குக் கிடைப்பது பனிக்கட்டியில் உறைய வைத்த இறந்த மீன். தேடுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில், ஒலியாற் காணும் பேராற்றல் வேலையற்றுப் போகிறது. செயலைச் செய்தால் மீன் உண்டு. செய்யாவிட்டால் அப்போதைக்கு இல்லை. பயிற்சியின் அடிப்படை பெரும்பாலும் இதுவே.

கடலில் இரண்டு ஓங்கில்கள் பகைத்துக்கொண்டால், மெலிந்தது விலகிச் சென்றுவிடும். தொட்டியில் விலகிச் செல்ல இடமேது? வலியதன் பற்கள் மெலிந்ததன் தோலிற் கோடு கிழிக்கின்றன. சில ஓங்கில்கள் நாள் முழுதும் ஒரே வட்டத்திற் சுற்றிவருகின்றன. சில அசைவின்றி நீர்மேல் மிதந்து கிடக்கின்றன. நீரைத் தூய்மைசெய்யச் சேர்க்கும் மருந்து அளவு மிகுந்தால் கண்ணும் தோலும் எரிச்சலுறுகின்றன. இரைப்பைப் புண்ணும் சிறைப்பட்ட ஓங்கில்களிடம் காணப்படும் நோய்களுள் ஒன்றாகும். முன்வரிசையில் இருந்து கைகொட்டுவோர் இவற்றை அறியார். அவர்கள் காண்பது அரைமணி நேரக் காட்சி. எஞ்சிய பொழுதை அவர்கள் காண்பதில்லை.

பயிற்றுநரின் மனமாற்றம்

‘பிளிப்பர்’ தொடரில் நடித்தது ஓர் ஓங்கில் அன்று. பல ஓங்கில்கள் மாறிமாறி நடித்தன. அவற்றைப் பிடித்தவரும் பயிற்றியவரும் ரிக் ஓபாரி என்பவர். அவர் தம் தொழிலில் வல்லவர். அதனால் பொருளும் புகழும் பெற்றவர். அத்தொடரில் மிகுதியாக நடித்த கேத்தி என்னும் பெண் ஓங்கில், தொடர் முடிந்தபின் தொட்டியில் தனியே வாடியது. 1970ஆம் ஆண்டு அது அவர் கைகளிலேயே உயிர்நீத்தது. அது தன் மூச்சைத் தானே நிறுத்திக்கொண்டது என்று ஓபாரி உறுதியாக நம்பினார். ஓர் உயிரின் உள்ளத்தில் நிகழ்ந்ததை நாம் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால், அம்மனிதரின் உள்ளத்தில் நிகழ்ந்தது தெளிவானது. பத்தாண்டு செய்த தொழிலை விட்டுவிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 22ஆம் நாள், முதல் புவிநாள் கொண்டாடப்பட்ட அன்று, ‘டால்பின் திட்டம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். பகாமாஸ் நாட்டுப் பிமினித் தீவில் அடைபட்டிருந்த ஓர் ஓங்கிலை விடுவிக்க முயன்று சிறைக்கும் சென்றார்.

பிறர் செய்யும் பிழையைக் கடிவது எளிது. தாம் செய்த பிழையை உலகறியக் கூறி, அதற்குக் கழுவாய் தேடுவது அரிது. இவ்வரலாற்றில் நாம் முதலிற் போற்றத்தக்கது இதுவே.

சீட்டின் வலிமை

பிரிட்டன் நாட்டில் 1970ஆம் ஆண்டுகளில் ஓங்கிற் காட்சிகள் முப்பதுக்கும் மேற்பட்டு நடைபெற்றன. இன்று அங்கே ஒன்றேனும் இல்லை. அரசு அவற்றைத் தடைசெய்ததா? இல்லை. பின் எவ்வாறு மறைந்தன?

மோர்கம் என்பது அந்நாட்டின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள ஊர். 1971இல் புளோரிடாவின் கடலிற் பிடிபட்ட ராக்கி என்னும் ஓங்கில் அவ்வூர்த் தொட்டியில் அடைபட்டிருந்தது. உடனிருந்தவை மறைந்தபின், தன் இனத்தின் சீழ்க்கையைக் கேளாமற் பல ஆண்டுகள் தனியே கிடந்தது. அவ்வூரிற் சிலர் பூங்காவின் வாயிலில் நின்றனர். சீட்டு வாங்க வந்தவரிடம் துண்டறிக்கை தந்து, "உள்ளே இருப்பதன் கதையைக் கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள்" என்னும் கருத்துப்பட வேண்டிக்கொண்டனர். மழையிலும் குளிரிலும் அவர்கள் அவ்வாறே நின்றனர். கேட்டவர் பலர் திரும்பிச் சென்றனர். நாளுக்கு நாள் கூட்டம் குறைந்தது.

இதற்கிடையே, அரசின் வேண்டுகோளின்படி அறிஞர் இருவர் ஆராய்ந்து 1986இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதனையொட்டித் தொட்டிகளின் அளவுக்கும் அமைப்புக்கும் உயர்ந்த நெறிகள் வகுக்கப்பட்டன. அந்நெறிப்படி தொட்டி கட்டுவதற்கு மிகுந்த பொருள் வேண்டும். பொருள் தருவதற்கோ சீட்டு வாங்குவோர் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகள் மூடப்பட்டன. 1993இல் இறுதித் தொட்டியும் மூடப்பட்டது.

ராக்கியின் செய்தி இனியது. 1991ஆம் ஆண்டு, மக்கள் அளித்த நன்கொடையைக் கொண்டு, அது கடல்கடந்து டர்க்ஸ்-கைகோஸ் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிரைட்டன் நகரத் தொட்டியில் இருந்த மிஸ்ஸி, சில்வர் என்னும் இரண்டும் அதனுடன் சேர்ந்தன. அங்கே கடலோடு இயைந்த ஒரு காயலில் அவற்றை வைத்து, உயிருள்ள மீனைப் பிடிக்கப் பழக்கினர். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் அவை கடலில் விடப்பட்டன. இருபதாண்டு வட்டமிட்ட உயிர், நேர்க்கோட்டில் நீந்திச் சென்றது.

கதவு திறந்தால் மட்டும் போதாது

சிறைப்பட்ட உயிரை விடுவிப்பது கூண்டுக் கதவைத் திறப்பதுபோல் எளிதன்று. மறந்துபோன வாழ்வை அது மீண்டும் கற்றல் வேண்டும். துருக்கி நாட்டில் 2006இல் கடலிற் பிடிபட்ட இரண்டு ஓங்கில்கள், டாம், மிஷா என்னும் பெயருடன், 2010இல் ஹிசாரோனு என்னும் ஊரில் நீர் கலங்கிய ஒரு சிறு குளத்தில் அடைபட்டிருந்தன. ஊர்மக்களும் சுற்றுலா வந்தோரும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். ‘பார்ன் ஃபிரீ’ என்னும் அறநிலையம் அவற்றை மீட்டுக் கடலில் வலையிட்டு அமைத்த அடைப்பில் விட்டது. இருபது திங்கள் பயிற்சி நடந்தது. அது மனிதன் சொற்படி ஆடும் பயிற்சி அன்று. மனிதனை மறக்கும் பயிற்சி. கையிலிருந்து மீன் பெறும் பழக்கத்தை விட்டு, தாமே வேட்டையாட அவை கற்றன. 2012 மே திங்களில் அவை ஏஜியன் கடலில் விடுதலை பெற்றன. அவற்றின் உடலிற் பொருத்திய கருவிகள் அவை நெடுந்தொலைவு சென்றதைக் காட்டின.

தொட்டிகளை நிரப்ப ஓங்கில்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் கிளர்ச்சியாளர் உலகிற்குக் காட்டினர். ஜப்பான் நாட்டில் டைஜி என்பது ஒரு கடற்கரையூர். படகுகள் கடலில் வரிசையாக நின்று, நீருள் இறக்கிய இரும்புக் கழிகளைத் தட்டும். ஒலியாற் காணும் உயிருக்கு அவ்வோசை ஒரு சுவராகி அச்சுறுத்த, ஓங்கிற் கூட்டம் கரையோரக் குடாவினுள் ஓடி அகப்பட்டுக்கொள்ளும். அவற்றுள் இளமையும் அழகும் உடையவை காட்சிக்கெனத் தேர்ந்தெடுக்கப்படும். பல இறைச்சிக்காகக் கொல்லப்படும். இதனைப் படம்பிடித்த ‘தி கோவ்’ என்னும் ஆவணப்படம் 2009இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு ஆஸ்கார் விருது பெற்றது. உலக உயிர்க்காட்சிச் சாலைகளின் சங்கம் கண்டித்ததனால், 2015இல் ஜப்பானிய உயிர்க்காட்சிச் சாலைச் சங்கம், அவ்வேட்டையிற் பிடிபட்ட ஓங்கில்களைத் தன் உறுப்பினர் வாங்கலாகாது என்று முடிவு செய்தது. வேட்டை முற்றும் நின்றுவிடவில்லை. ஆயினும், ஒரு வாயில் அடைபட்டது.

நம் நாட்டில்

இச்செய்தி நமக்குத் தொலைவில் நிகழ்ந்ததன்று. சென்னைக்கு அண்மையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், 1998ஆம் ஆண்டு ஒரு காட்சிக்கூடம் தோன்றியது. பல்கேரியா நாட்டிலிருந்து கொணரப்பட்ட ஓங்கில்கள் அங்கே ஆடின. சில திங்களிலேயே அவை மடிந்தன. வங்கக் கடலின் அலையோசை கேட்கும் தொலைவில், கடலைக் காணாமலே அவை இறந்தன என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் நோகிறது.

பின்னர், கொச்சி முதலிய நகரங்களில் புதிய ஓங்கிற் பூங்காக்கள் அமைக்கும் திட்டங்கள் எழுந்தன. விலங்குநல அமைப்புகள் நாடெங்கும் எதிர்ப்புத் தெரிவித்தன. 2013ஆம் ஆண்டு மே திங்களில் நடுவண் அரசு சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஓங்கில், திமிங்கிலம் முதலியவற்றை மக்களின் பொழுதுபோக்கிற்காகச் சிறைவைக்கும் நிலையங்களுக்கு இசைவு அளிக்கலாகாது என்று அது மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஓங்கில்களின் அறிவுத்திறத்தை நோக்கி, அவற்றை ‘மனிதர் அல்லாத ஆள்கள்’ எனக் கருதவேண்டும் என்று அறிஞர் பலர் கூறியிருப்பதையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. இந்தியா ஓங்கிலுக்கு ஆள்தன்மையையே சட்டமாக வழங்கிவிட்டது என்று சிலர் எழுதினர்; அது மிகைக்கூற்று. நடந்தது இவ்வளவே: சிறைவைத்து ஆட்டுவித்தல் அறமன்று என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதுவே பெரிய செய்தி அன்றோ? கங்கை ஓங்கிலை நம் நாடு 2009லேயே தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்துச் சிறப்பித்திருந்தது. அதன்பின் கனடா 2019இலும், பிரான்சு 2021இலும், மெக்சிகோ 2025இலும் இத்துறையிற் சட்டங்கள் இயற்றின.

மறுப்பும் விடையும்

பூங்காக்களை நடத்துவோரும் தம் கருத்தைக் கூறுகின்றனர். அதனைக் கேட்டு ஆராய்வதே நடுவுநிலைமை.

"ஓங்கிலை நேரிற் கண்டால்தான் குழந்தைகளுக்கு அதன்மீது அன்பு உண்டாகும்" என்பது அவர்களது முதல் வாதம். அன்பு உண்டாதல் கூடும். ஆனால், வளையத்தினூடே பாயும் ஓங்கிலிடமிருந்து குழந்தை கற்பது யாது? ஓர் உயிர் நம் மகிழ்ச்சிக்காகவே படைக்கப்பட்டது என்னும் பாடமே மனத்திற் பதிகிறது. மிருகக்காட்சிச்சாலையை ஒருமுறையும் காணாத பரதவச் சிறுவன், படகின் முன்னே ஒருமுறை கண்ட ஓங்கிலை வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை.

"தொட்டியிற் பிறந்தவை கடலில் வாழ மாட்டா" என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை உண்டு. கடலை அறியாத உயிரைத் திடீரெனக் கடலில் விடுவதும் கொடுமையே. ஆதலால், அறிவுடைய கிளர்ச்சியாளர் எல்லாவற்றையும் உடனே திறந்துவிடுமாறு கேட்பதில்லை. புதியனவற்றைப் பிடிக்கவேண்டா; தொட்டியிற் குட்டி ஈனச் செய்யவேண்டா; இருப்பவற்றுள் இயன்றவற்றைப் பயிற்றி விடுவிக்க வேண்டும்; இயலாதவற்றைக் கடலோர அடைப்புகளில் அமைதியாக வாழவிட வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள். காயமுற்றுக் கரையொதுங்கிய ஓங்கிலுக்கு மருத்துவம் செய்து மீண்டும் கடலிற் சேர்ப்பவரை அவர்கள் எதிர்ப்பதில்லை, போற்றுகின்றனர்.

மூன்றாவது, "பலருக்குப் பிழைப்புப் போகும்" என்பது. பயிற்றுநர் பலர் ஓங்கில்களிடம் மெய்யன்பு உடையவரே. அவர்தம் திறமை, மீட்புப் பணிக்கும் மருத்துவப் பணிக்கும் மிகவும் வேண்டப்படுவது. ஓபாரியின் வாழ்வே இதற்குச் சான்று.

நமக்குரிய பாடம்

மாணவர்களே! குளிரில் நடுங்கியதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நம் முன்னோர் வள்ளல் என்று போற்றினர். மயில் அதனைப் போர்த்திக்கொள்ளுமா என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. அதன் துன்பம் தன் துன்பமாகத் தோன்றியவுடன் கொடுத்துவிட்டான். ஓங்கிலுக்கு நாம் எதனையும் கொடுக்கவேண்டியதில்லை. அதற்குரிய கடலை அதனிடமிருந்து எடுக்காதிருந்தாலே போதும். கொடுப்பது மட்டும் ஈகையன்று. எடுக்காதிருப்பதும் ஒருவகை ஈகையே.

மோர்கம் ஊரின் வாயிலில் நின்றவர்களிடம் படையில்லை; பட்டமில்லை. தொட்டியை இடிக்கும் கருவியும் அவர்கள் கையில் இல்லை. உண்மையை அறிந்து, அதனை அமைதியாக எடுத்துரைத்தனர்; அவ்வளவே. தொட்டியை வெறுமையாக்கியது, அவர்கள் சொற்கேட்டுச் சீட்டு வாங்காமல் வீடு திரும்பிய எளிய மக்களின் மனமாகும். ஓங்கிலின் சிறையைக் கட்டியது சிமெண்டும் கல்லும் என்று நினைக்கின்றோம். உண்மையில், சீட்டு வாங்கும் கையே அதனைக் கட்டுகிறது. வாங்க மறுக்கும் கையே அதனைத் திறக்கிறது.

நாளை நீங்கள் வெளிநாடு செல்லக்கூடும். அங்கே ஒரு பூங்காவின் வாயிலில், சிரிக்கும் ஓங்கிலின் படம் உங்களை அழைக்கக்கூடும். அப்போது, வாயின் வளைவு வேறு, உள்ளத்தின் மகிழ்ச்சி வேறு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஓங்கிலைக் காண விருப்பமாயின், ஒருநாள் விடியற்காலையில் தெற்கே கடற்கரைக்குச் செல்லுங்கள். அது வரலாம், வராமலும் போகலாம். வந்தால், அது தானே விரும்பி வந்தது என்னும் இன்பம் உங்களுக்குக் கிட்டும். வராவிட்டாலும் வருந்தவேண்டா, கடலில் எங்கோ அது தன் சுற்றத்துடன் நீந்திக்கொண்டிருக்கிறது.